திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒரு வருஷம்: சாப்பாட்டுக்கு என்ன வழி?

கோவில்பட்டிக்காரன்:

அடுத்த மாசம் சென்னைக்கு வருகிறேன். குரூப் 2 தேர்வுக்குப் படிப்பதற்காக. எங்கள் ஊர் அண்ணன் ஒருவர் திருவல்லிக்கேணியில், பெரிய தெருவை ஒட்டிய ஒரு சந்தில், மேன்ஷன் அறை பேசி வைத்திருக்கிறார். இரண்டு பேருக்கு ஒரு அறை, பாத்ரூம் பொது. அறைக்குள் அடுப்பு மூட்டக் கூடாது, இண்டக்‌ஷன் வைத்தாலும் அன்றைக்கே காலி பண்ணணும் என்று மேனேஜர் இப்போதே கறாராகச் சொல்லிவிட்டாராம்.

வீட்டிலிருந்து வரும் பணம் அளவானது. மூன்று வேளையும் வெளியே சாப்பிட்டு ஒரு வருஷம் ஓட்ட முடியுமா? போதாக்குறைக்கு எனக்கு லேசாக அல்சர் உண்டு. யூடியூபில் தேடினால் பிரியாணி வீடியோவாகக் கொட்டுகிறது. என்றைக்கோ ஒரு நாள் வருகிறவன் சாப்பிடும் கடை எனக்கு வேண்டாம். அங்கேயே இருந்து தினமும் சாப்பிடுகிறவர்கள் சொல்லுங்கள்.

பைகிராப்ட்ஸ் ரோடு:

தம்பி, தாராளமாக ஓட்டலாம். நான் 80-களின் கடைசியில் வேலை கிடைத்து அந்தப் பக்கம் வந்தவன். கல்யாணம் ஆகும்வரை மேன்ஷன்தான். இப்போது வேறு பக்கம் குடிபோய்விட்டேன். ஆனாலும் பாரதி சாலையில் பழைய புத்தகம் கிளற அடிக்கடி வருவேன், அப்படியே சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்புவது. (எங்களுக்கு அது இன்னும் பைகிராப்ட்ஸ் ரோடுதான்.)

அந்த ஏரியாவில் ஏன் இத்தனை மெஸ் என்று முதலில் தெரிந்துகொள். கோட்டை, எழிலகம், பல்கலைக்கழகம், மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. எல்லாமே நடந்து போகும் தூரம், மிஞ்சிப்போனால் ஒரு பஸ். வெளியூரிலிருந்து வேலைக்கு வந்த பிரம்மச்சாரிக்கு இந்த ஊரில் யாரும் வீடு கொடுக்க மாட்டார்கள். மேன்ஷன்தான் கொடுத்தது. குமாஸ்தா, மெடிக்கல் ரெப், பேங்க்காரர், உதவி இயக்குநர், பரீட்சைக்குப் படிக்கிறவன், எல்லாரும் அதே வராண்டாவில் பக்கெட்டோடு வரிசையில் நிற்போம். கட்டில், மேஜை, ஃபேன். அறையில் அவ்வளவுதான். சமையல்கட்டு என்பது தெருவில்தான். அதனால் அங்கே கடைக்காரர்கள் நம்பி இருப்பது தினம் வருகிறவனை. ஒரு நாள் சாம்பார் சொதப்பினால் மறுநாள் முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுவோம்.

என் முறை இது. காலையில் இட்லி, எங்கே கிடைத்தாலும். மத்தியானம் இலை போட்டுச் சாப்பாடு, அதில் மட்டும் கை வைக்காதே. ராத்திரி கொஞ்சமாக டிபன். மத்தியானச் சாப்பாட்டுக்கு அக்பர் சாஹிப் தெரு காசி விநாயகா மெஸ். காசு கட்டி டோக்கன் வாங்கிக்கொண்டு வெளியே நிற்கணும். ஒரு பந்தி எழுந்ததும் அடுத்த பந்தியைக் கூப்பிடுவார்கள். உள்ளே போய் உட்கார்ந்தால் பேச்சே கிடையாது. எதிரே இருப்பவர் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்க மாட்டோம், சோறு, சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர் என்று வேலை நடக்கும். எழுந்து கை கழுவும்போதுதான் பக்கத்தில் சாப்பிட்டது பக்கத்து அறைக்காரர் என்றே தெரியும்.

சம்பளம் வந்த அன்றைக்கு மட்டும் ஹை ரோடு ரத்னா கஃபே. இரண்டு இட்லி, அது முங்கும்படி சாம்பார், கேட்கக் கேட்க மேலே ஊற்றுவார்கள். 1948-ல் ஆரம்பித்த கடை. ஆரம்பித்தவர்கள் மதுரா பக்கத்து வடநாட்டுக் குடும்பம் என்றால் நிறைய பேர் நம்ப மாட்டார்கள்.

போரூர் வாசி:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். 80-களின் கதையைக் கேட்டு அந்தப் பையன் வந்து மாட்டிக்கொள்ளப் போகிறான். இன்றைக்கு யார் சார் மேன்ஷனுக்குப் போகிறார்கள்? மூட்டைப்பூச்சி, காலையில் பாத்ரூமுக்கு வரிசை, தண்ணீர் வருவதற்கு நேரம். அதே காசுக்குக் கொஞ்சம் மேலே போட்டால் புறநகரில் பிஜி கிடைக்கிறது. மூன்று வேளை சாப்பாடு உள்ளேயே. வைஃபை உண்டு, வாஷிங் மெஷின் உண்டு. வேண்டாம் என்றால் போனில் ஆர்டர் போட்டால் வாசலுக்கு வருகிறது. ஒரு சாப்பாட்டுக்காக வெயிலில் டோக்கன் பிடித்து நிற்பதில் என்ன பெருமை?

பைகிராப்ட்ஸ் ரோடு:

பெருமை ஒன்றுமில்லை, கணக்குதான். பிஜியில் மூன்று வேளை போடுகிறார்கள், சரி. திங்கள்கிழமை என்ன, வியாழக்கிழமை என்ன என்று சுவரில் ஒட்டியிருக்கும். பிடிக்காவிட்டாலும் காசு கட்டியாகிவிட்டதே என்று அதைத்தான் சாப்பிடணும். வீட்டுக்குப் போனால், லீவு விட்டால், அந்தக் காசு திரும்பாது. போனில் ஆர்டர் போட்டால் பேக்கிங், டெலிவரி எல்லாம் சேர்ந்து ஒரு தயிர்சாதம் எந்த விலைக்கு வந்து நிற்கும் என்று நீங்களே பாருங்கள்.

படிக்கிற பையனுக்கு இன்னொன்று உண்டு. அண்ணாசாலை தேவநேயப் பாவாணர் நூலகத்துக்குத் திருவல்லிக்கேணியிலிருந்து நடந்தே போகலாம். எழும்பூர் கன்னிமாராவுக்கு ஒரு பஸ். போரூரிலிருந்து தினமும் வந்து போனால் படிப்பது பஸ்ஸில்தான். மூட்டைப்பூச்சி விஷயத்தில் மட்டும் நான் எதுவும் பேசப்போவதில்லை, அது உண்மை. அறைக்குள் போகும் முதல் நாளே கட்டிலை மொட்டை மாடியில் வெயிலில் போடு தம்பி.

கல்லாப்பெட்டி:

என் மாமா அந்தப் பக்கத்துச் சந்து ஒன்றில் மெஸ் நடத்தினார். காலேஜ் படிக்கும்போது சாயங்காலமும் லீவு நாளும் கல்லாவில் உட்கார்ந்தவன் நான். அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன், தம்பிக்கு உபயோகப்படும்.

மாதக் கார்டு என்று ஒன்று கொடுப்பார்கள். மொத்தமாகக் காசு கட்டினால் ஒரு சாப்பாடு கொஞ்சம் மலிவாக விழும். சாப்பிடச் சாப்பிட டிக் அடிப்பார்கள். முதலாளிக்கு அது ஏன் பிடிக்கும் தெரியுமா? மாசம் பிறந்ததும் கையில் மொத்தப் பணம் வரும், அதைக் கொண்டுபோய் அரிசி மூட்டையும் பருப்பும் எடுத்துப் போட்டுவிடலாம். மாமா வட்டிக்கு வாங்காமல் கடை நடத்தியதே அதை வைத்துத்தான். ஆனால் சாப்பிடுகிறவனுக்கு ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. புதுக் கடையில் கார்டு போடவே போடாதே. நாலைந்து வருஷமாக ஓடும் கடை, சப்ளையர் முகம் மாறாத கடை என்றால் போடலாம்.

அன்லிமிடெட் சாப்பாட்டில் நஷ்டம் வராதா என்று எல்லாரும் கேட்பார்கள். சோற்றில் வராது. எவ்வளவு பசியோடு வந்தாலும் மூன்றாவது தடவை சோறு கேட்பவர் பந்திக்கு ஒன்றிரண்டு பேர்தான். நஷ்டம் வருவது பொரியலிலும் அப்பளத்திலும் தயிரிலும். அதனால்தான் அந்த மூன்றுக்கும் சப்ளையர் கை கொஞ்சம் சுருங்கும், நீங்களும் கவனித்திருப்பீர்கள். ரசத்தை மட்டும் கேட்காமலே ஊற்றுவார்.

கல்லாவிலிருந்தே தேதி சொல்லிவிடலாம். மாசத்தின் முதல் வாரம் ஆம்லெட், தயிர், ஸ்பெஷல் என்று எக்ஸ்ட்ரா காசு விழுந்துகொண்டே இருக்கும். இருபதாம் தேதிக்கு மேல் வெறும் சாப்பாடுதான். கடைசி இரண்டு மூன்று நாள் சிலர் ராத்திரி வரவே மாட்டார்கள். மாமா அவர்களைப் பெயர் சொல்லி ஆள் அனுப்பிக் கூப்பிடுவார், ஒன்றாம் தேதி கொடு என்பார். எல்லாக் கடையிலும் இப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன்.

கடையை எடைபோட ஒரு வழி. மத்தியானம் இரண்டரை, மூன்று மணிக்குப் போ. சப்ளையர்கள் அந்த நேரம்தான் சாப்பிட உட்காருவார்கள். நமக்குப் போட்ட அதே குழம்பை அவர்களும் போட்டுக்கொண்டால் நம்பிச் சாப்பிடலாம். தனியாக ஏதாவது வைத்துக்கொண்டு சாப்பிட்டால் நீயும் எழுந்து வந்துவிடு.

கோவில்பட்டிக்காரன்:

அண்ணே, இதுதான் எனக்கு வேண்டியிருந்தது. மாமாவின் மெஸ் இப்போது இருக்கிறதா?

கல்லாப்பெட்டி:

இல்லை. 2019 கோடையில் சென்னை முழுக்கத் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்ததே, அப்போதே பாதி தளர்ந்துவிட்டார். சோறு வடிக்க, காய் கழுவ, பாத்திரம் துலக்க, எல்லாவற்றுக்கும் லாரித் தண்ணீர். நிறையக் கடைகள் அப்போது மத்தியானச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு வெரைட்டி ரைஸ் மட்டும் போட்டார்கள். தட்டுக்குப் பதில் இலை, இலைக்குப் பதில் பேப்பர் என்று எதில் தண்ணீர் மிச்சம் பிடிக்கலாம் என்றே யோசனை ஓடியது. அதைத் தாண்டி வந்தால் 2020 மார்ச்சில் ஊரடங்கு. ஒரே வாரத்தில் மேன்ஷன் எல்லாம் காலி. சாப்பிட ஆளே இல்லை. மாஸ்டர் திருநெல்வேலிக்குப் போனவர் அங்கேயே ஒரு டிபன் கடை போட்டுவிட்டார். மாமா சாவியைக் கட்டட உரிமையாளரிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

ஜாம்பஜார்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். இரண்டு மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கிறவன். திருவல்லிக்கேணி என்றாலே எல்லாரும் பெரிய தெரு சாம்பாரோடு நிறுத்திவிடுகிறீர்கள். ஹை ரோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் யாரும் வருவதில்லையா?

கோவில்பட்டித் தம்பி, கறி சாப்பிடுவாய் என்றால் ஒரு வார்த்தை கற்றுக்கொண்டு வா: குஸ்கா. பிரியாணி அண்டாவிலிருந்து கறி வைக்காமல் போடும் சோறு. கறியின் மசாலா, நெய், வாசனை எல்லாம் அதிலேயே இறங்கியிருக்கும். பிரியாணி விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். கூடவே கத்திரிக்காய்ப் பச்சடி, வெங்காயத் தயிர், சில இடத்தில் தாழ்ச்சா என்கிற பருப்புக் குழம்பு. ஒரு முட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் மத்தியானம் முடிந்தது. பன்னிரண்டரைக்கே போய்விடு. ஒரு மணிக்கு மேல் போனால் அடிச்சோறு, எண்ணெய் கோத்து நிற்கும். உனக்கு அல்சர் வேறு. வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம்.

மீன் சாப்பிட ஆசை வந்தால் சேப்பாக்கம் முகமது அப்துல்லா சாஹிப் தெருவில் நாயர் மெஸ். 1961-லிருந்து நடக்கிறது. இலைச் சாப்பாடு, மீன் குழம்பு, பொரித்த வஞ்சிரம். அது நினைத்த நாளெல்லாம் போகிற செலவு இல்லை, ஆனால் ஊரிலிருந்து நண்பன் வந்தால் அங்கே கூட்டிக்கொண்டு போ. கிரிக்கெட் மேட்ச் உள்ள நாளில் அந்தப் பக்கமே எட்டிப்பார்க்காதே.

ரம்ஜான் மாசத்தில் நீ இங்கே இருப்பாய் அல்லவா? சாயங்காலம் வாலாஜா பெரிய மசூதிப் பக்கம் வா. 1795-ல் கட்டியது. காயிதே மில்லத் அங்கேதான் அடங்கியிருக்கிறார். நோன்பு திறக்கிற நேரத்தில் மயிலாப்பூரிலிருந்து சூஃபிதார் அறக்கட்டளைக்காரர்கள் வண்டியில் சாப்பாடு கொண்டுவந்து பரிமாறுவார்கள். சிந்தி இந்துக்கள் அவர்கள், பிரிவினையில் இந்தப் பக்கம் வந்த குடும்பங்கள். பல பத்து வருஷமாக நடக்கிறது. சைவச் சாப்பாடுதான். தலையில் தொப்பி போட்டுக்கொண்டு, நமக்கு முன்னால் குனிந்து தண்ணீர் ஊற்றுவார்கள். வெளியூர்ப் பத்திரிகைக்காரர்கள் வருஷா வருஷம் வந்து படம் எடுக்கிறார்கள். எங்களுக்கு அது ரம்ஜானில் இன்னொரு நாள், அவ்வளவுதான்.

நோன்புக் கஞ்சியை மறந்துவிட்டேன் பாருங்கள். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, தேங்காய்ப் பால், வீட்டைப் பொறுத்துக் கொஞ்சம் கொத்துக்கறி. அஸர் (பிற்பகல்) தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் தூக்கோடு போனால் ஊற்றுவார்கள். உன் மதம் என்ன என்று யாரும் கேட்கப்போவதில்லை. புண்ணான வயிற்றுக்கு இதைவிட நல்லது இல்லை.

மாடவீதி:

பாய் சொன்னது சரி. எங்கள் வீட்டிலும் அந்த மாசம் கஞ்சி வரும். எதிர்வீட்டு அம்மா கறி போடாமல் தனியாக எடுத்துவைத்துக் கொடுத்தனுப்புவார்.

நான் கோயில் பக்கம். இங்கேயே பிறந்து இங்கேயே கல்யாணமாகி இங்கேயே இருக்கிறேன். மேன்ஷன் பையன்கள்மேல் எங்கள் தெருவுக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ராத்திரி பதினொன்றுக்கு மேல் டீக்கடை வாசலில் நின்று சத்தமாகப் பேசுவது, பைக்கைக் கோலத்தின் மேலேயே நிறுத்துவது. அதைப் பார்த்துக்கொண்டால் போதும். தெரு உங்களையும் பார்த்துக்கொள்ளும்.

கடைகளைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள். கடையாக இல்லாததைச் சொல்கிறேன். இங்கே பழைய வீடுகளில் சில மாமிகள் கணக்காகப் பத்துப் பன்னிரண்டு பேருக்குச் சமைத்துக் கொடுக்கிறார்கள். பெயர்ப் பலகை கிடையாது. காலையில் சொன்னால் மத்தியானம் டப்பாவில் வாங்கிக்கொண்டு போகலாம். காரம் குறைத்துப் போடுங்கள் என்றால் குறைப்பார்கள், எந்த மெஸ்ஸிலும் அது நடக்காது. எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், பால் வாங்கும் இடத்திலோ இஸ்திரிக்காரரிடமோ கேளுங்கள். யார் வீட்டில் யார் சாப்பிடுகிறார்கள் என்பது முழுக்க இஸ்திரிக்காரருக்குத் தெரியும்.

அப்புறம் பார்த்தசாரதி கோயில் பிரசாதம். உற்சவர் முகத்தில் பீஷ்மரின் அம்பு பட்ட வடுக்கள் இருக்கும். அந்தப் புண்ணுக்காக மடப்பள்ளியில் எண்ணெயும் மிளகாயும் சேர்ப்பதில்லை, நெய்யும் மிளகும்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அல்சர் தம்பிக்குப் பெருமாளின் பத்தியம் ஒத்துப்போகும். சர்க்கரைப் பொங்கல் மட்டும் கையில் வாங்கினால் விரலெல்லாம் நெய் வழியும், தொன்னையோடு சாப்பிடுங்கள்.

சோப்பு, சீப்பு, பிஸ்கட்டு வாங்க டி.யூ.சி.எஸ். இருக்கிறது, 1904-ல் இந்தப் பக்கத்துக்காரர்களே சேர்ந்து ஆரம்பித்த கூட்டுறவுச் சங்கம். பழம் வேண்டுமென்றால் ஜாம்பஜார். ராத்திரி எட்டுக்கு மேல் போனால் வாழைப்பழம் விலை இறங்கும்.

கோவில்பட்டிக்காரன்:

அக்கா, நன்றி. கோலத்தை மிதிக்க மாட்டேன், என்னிடம் பைக்கே கிடையாது.

அல்சர் விஷயம்தான் இன்னும் குழப்பம். காலை டிபன் எங்கே சாப்பிட்டாலும் பதினொரு மணிக்கு நெஞ்செரிச்சல் வந்துவிடுமோ என்று பயம். அம்மா உணவகம் சரிப்படுமா? சிலர் நல்லா இருக்கு என்கிறார்கள், சிலர் முகம் சுளிக்கிறார்கள்.

போரூர் வாசி:

இதில் நான் தம்பி கட்சி. அம்மா உணவகத்தில் நானே சாப்பிட்டிருக்கிறேன், வேலை இல்லாமல் இருந்த காலத்தில். 2013-ல் ஆரம்பித்தபோது இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர்சாதம் 3. பிறகு சாயங்காலம் சப்பாத்தியும் வந்தது, இரண்டு 3 ரூபாய், பருப்போடு. முகம் சுளிக்கிறவர்கள் பெரும்பாலும் உள்ளே போகாதவர்கள். ருசி இடத்துக்கு இடம் மாறும், அதுதான் உண்மை. இட்லி சில நாள் கல்லாக இருக்கும். ஆனால் காரமும் எண்ணெயும் கம்மி. உன் வயிற்றுக்கு தயிர்சாதம் தைரியமாகச் சாப்பிடலாம். சீக்கிரம் போ, தீர்ந்துவிடும்.

கல்லாப்பெட்டி:

நெஞ்செரிச்சல் என்றால் காரத்தை மட்டும் பார்க்காதே, சோடா மாவையும் பார். காலை ஐந்தரைக்குக் கூட்டம் வந்துவிடும், மாவு முந்தின ராத்திரி சரியாகப் புளிக்காமல் போயிருக்கும், சில மாஸ்டர்கள் ஒரு சிட்டிகையை அள்ளிப் போட்டுவிடுவார்கள். இட்லியைப் பிட்டுப் பார். ஓட்டை பெரிசு பெரிசாக, தொட்டால் பொடியாக உதிர்ந்தால் அந்தக் கடை வேண்டாம். லேசாகப் பழுப்பேறி, விரலில் கொஞ்சம் ஒட்டினால் நல்ல மாவு. இன்னொன்று, பூரியும் வடையும் காலை முதல் ஈட்டில் சாப்பிடலாம், ஒன்பது மணிக்கு மேல் அதே எண்ணெய் கறுத்திருக்கும்.

பைகிராப்ட்ஸ் ரோடு சார் ராத்திரி டிபன் என்றார். நான் அதையும் மாற்றுவேன். ராத்திரி தோசை, பரோட்டா என்று போனால் விடிய விடியத் தண்ணீர் குடிக்கணும். இரண்டு இடியாப்பம், தேங்காய்ப் பால். தள்ளுவண்டியிலேயே கிடைக்கிறது.

பைகிராப்ட்ஸ் ரோடு:

பரோட்டாவை நான் சொல்லவே இல்லையே! ஆனால் சரி, படிக்கிற பையனுக்கு மைதா வேண்டாம். ரத்னா கஃபே சாம்பாரையும் அல்சர்காரர் அளவாகச் சாப்பிடணும் என்பதைச் சேர்த்துக்கொள்கிறேன். எனக்கே இப்போது ஒரு கரண்டிக்கு மேல் போனால் ராத்திரி தூக்கம் இல்லை. என் பையன் ஒருபடி மேலே போய், இட்லியை இப்படி மூழ்கடித்துவிட்டால் இட்லியின் ருசி எங்கே தெரியும் என்கிறான். அவனோடு அந்தப் பேச்சை நிறுத்திவிட்டேன்.

மேலே மாதக் கார்டு பற்றிப் பேச்சு வந்தது. எனக்கும் ஒரு கடையில் அந்த அனுபவம் உண்டு, பெயர் வேண்டாம். பத்தாம் தேதி கார்டு போட்டேன், அடுத்த வாரம் போனால் ஷட்டர் இறங்கியிருக்கிறது. 'உள் வேலை நடக்கிறது' என்று அட்டை. அந்த உள் வேலை இன்னும் முடியவில்லை. காசு போனது போனதுதான்.

நைட் டூட்டி:

முழுவதும் படித்தேன். நல்ல இழை, ஆனால் எல்லாமே ஆம்பிளைகளின் திருவல்லிக்கேணியாக இருக்கிறது. நான் அந்தப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். லேடீஸ் ஹாஸ்டலில் இருக்கிறேன். ஹாஸ்டல் மெஸ் ராத்திரி ஒன்பதுக்கு மூடிவிடும். எனக்கு டூட்டி முடிவது சில நாள் எட்டரைக்கு, சில நாள் விடியற்காலை. நீங்கள் சொல்லும் எந்த மெஸ்ஸிலும் ஒரு பெண் தனியாகப் போய் டோக்கன் வாங்கி, மூன்று ஆம்பிளைகள் உட்கார்ந்த மேஜையில் நாலாவதாக உட்கார முடியுமா? யாரும் தடுக்க மாட்டார்கள், தெரியும். சப்ளையர் மரியாதையாக ஓரத்து நாற்காலியைத் துடைத்துப் போடுவார். கூடவே பந்தியே ஒரு தடவை திரும்பிப் பார்க்கும். அதற்காகவே பார்சல் வாங்கிக்கொண்டு போய், டூட்டி ரூமில் பிளாஸ்டிக் கவரைக் கிழித்துச் சாப்பிடுகிறோம்.

ஆனால் எங்களுக்கும் இடங்கள் உண்டு. கோஷா ஆஸ்பத்திரி வாசலைச் சுற்றி இருக்கும் கடைகள். (கஸ்தூர்பா காந்தி ஆஸ்பத்திரி என்று சொன்னால் ஆட்டோக்காரர் ஒரு நொடி யோசிப்பார்.) அங்கே பிள்ளை பெற வந்தவளின் அம்மா, மாமியார், அக்கா என்று எந்த நேரமும் பெண்கள் கூட்டம்தான். அதனால் கடையும் அதற்குத் தக்கபடி மாறிவிட்டது. வெந்நீர் ஃபிளாஸ்க்கில் ஊற்றிக் கொடுப்பார்கள், காசு வாங்குவது கிடையாது. 'பிள்ளை பெத்தவளுக்கு' என்று சொன்னால் போதும், இட்லிக்குச் சட்னி வைக்காமல் பூண்டுப் பொடியும் நல்லெண்ணெயும் வைத்துக் கட்டுவார் ஒருத்தர். மிளகு ரசம் தனியாகப் பாக்கெட்டில். வார்டுக்குள்ளே போக முடியாமல் பிளாட்பாரத்தில் துண்டு விரித்துக் கிடக்கும் புருஷன்மார்களுக்கு விடியற்காலை நாலரைக்கே டீ. நான் டூட்டி முடித்து வந்து அங்கேதான் நின்று சாப்பிடுவேன். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அல்சர் தம்பியும் அங்கே போகலாம், பத்தியச் சாப்பாடு அவனுக்கும் நல்லதுதானே.

கல்லாப்பெட்டி:

நீங்கள் சொல்வது உண்மை மேடம். மாமா கடையில் 'ஃபேமிலி' என்று ஒரு தடுப்பு போட்டிருந்தார். மாசத்தில் பாதி நாள் அதில் வெங்காய மூட்டைதான் உட்கார்ந்திருக்கும்.

ஜாம்பஜார்:

எங்கள் பக்கக் கடைகளிலும் அதே கதைதான். வீட்டுப் பெண்கள் வந்தால் பார்சல், அல்லது மாடி. என் தங்கை கல்லூரித் தோழிகளோடு போனால் மட்டும் கீழேயே உட்காருவாள். நாலு பேர் சேர்ந்தால் பந்தி அடங்கிவிடும் என்கிறாள். ஹாஸ்டலில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு தடவை போய்ப் பாருங்கள் சிஸ்டர்.

நைட் டூட்டி:

நாலு பேருக்கும் ஒரே ஷிஃப்ட் கிடைக்கணுமே பாய்.

கோவில்பட்டிக்காரன்:

இன்னும் ஒன்றே ஒன்று. நான் எங்கே தங்குகிறேன், என்ன சாப்பிடுகிறேன் என்று பார்க்காமல் அம்மா நிம்மதியாக இருக்க மாட்டாள். ஒரு நாள் அழைத்து வரலாம் என்று இருக்கிறேன். மேன்ஷனில் ஒரு ராத்திரி தங்க விடுவார்களா?

பைகிராப்ட்ஸ் ரோடு:

விட மாட்டார்கள். பெரும்பாலான மேன்ஷன்களில் பெண்களுக்கு மாடிப்படி ஏறவே அனுமதி இல்லை, அம்மாவாக இருந்தாலும். என் அம்மா வந்தபோது மேனேஜரின் மேஜைக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து எனக்கு முறுக்கு டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போனாள். காலையில் அழைத்து வந்து ராத்திரி வண்டி ஏற்றிவிடுவதுதான் வழி. நெல்லை எக்ஸ்பிரஸில் வந்தால் காலையில் எழும்பூர், ராத்திரி அதே வண்டி திரும்பும். மேனேஜரிடம் முன்கூட்டியே சொல்லி வை. பகலில் ஐந்து நிமிஷம் அறையைக் காட்ட விடுகிறவர்களும் உண்டு.

மாடவீதி:

அம்மாவை ஸ்டூலில் உட்கார வைக்க வேண்டாம் தம்பி. காலையில் இறங்கியதும் நேராக எங்கள் பக்கம் அழைத்து வாருங்கள். கோயில் குளத்தடியில் உட்கார்ந்து, தரிசனம் முடித்து, துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் இருந்த வீட்டையும் காட்டிவிடலாம். வெளியூர் அம்மாக்கள் குளிக்க, சேலை மாற்ற இடம் வேண்டும் என்றால் தனிச்செய்தியில் கேளுங்கள், தெருவில் ஒரு மாமி ஏற்பாடு செய்து கொடுப்பார்.

நைட் டூட்டி:

மத்தியானம் மெஸ்ஸுக்கு அழைத்துப் போவதாக இருந்தால் இரண்டு மணிக்கு மேல் போங்கள், ஆபீஸ் கூட்டம் போயிருக்கும். சனிக்கிழமை மட்டும் வேண்டாம். அதிலும் புரட்டாசி சனி என்றால் கோயில் வாசலைத் தாண்டவே முடியாது, எங்கள் ஆம்புலன்ஸே ஐஸ் ஹவுஸ் சுற்றித்தான் வரும்.